தூண்டில் பெட்டியில் ஏழு நிறங்கள்

வெர்னா பெர்கோ தேடிப் போனது ஒரு சின்னக் குறடு. பாகில் வைக்கும் வெப்பமானியின் கொக்கி வளைந்துவிட்டது. அதை நிமிர்த்த வேண்டும். கணவன் ஆல்பினின் தூண்டில் பெட்டியில் குறடு இருக்கும் என்று கார் ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொக்கிகள் இருக்க வேண்டிய அறைகளில் ஜெல்லி மிட்டாய்கள். அவள் கையால் செய்த கஞ்சா மிட்டாய்கள். ஓர் அறையில் பச்சை, அடுத்ததில் சிவப்பு, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, நீலம், ரோஜா நிறம். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளில் சுற்றி, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது.

அந்த நிறங்களின் அர்த்தம் உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் நன்றாகத் தெரியும். ஞாயிறுதோறும் புதிதாகக் கிளறுவாள். பழையதும் புதியதும் கலந்துவிடக் கூடாது என்று வாரத்துக்கு ஒரு நிறம். ஏழு மிட்டாய்களைத் தகர டப்பாவில் போட்டு ஆல்பினிடம் கொடுப்பாள். மாலைக்கு ஒன்று. ஏழு நிறம் என்றால் ஏழு வாரம். அப்படியானால் இந்த மனிதர் எதையுமே சாப்பிடவில்லை!

விரலால் தொட்டு எண்ணினாள். எல்லா அறையிலும் ஏழு. பச்சையில் மட்டும் ஆறு.

மேல்தட்டைத் தூக்கினாள். அடியில் ஆல்பினின் பழைய தோல் கையுறை ஒன்று மடித்துக் கிடந்தது. பியூப்ளோ நகரத்து எஃகு ஆலையில் முப்பத்தொரு வருஷம் அவர் போட்ட கையுறை. அதன் மடிப்பில் பல் தடங்கள். ஆழமாக, வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்றாக.

“கடவுளே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் வெர்னா. பனியில் வண்டி சறுக்கியபோதும் கை நடுங்காதவள். பிப்ரவரியில் ஆல்பினைப் பார்த்த மருத்துவர், “புற்று முதுகெலும்புக்குப் பரவிடுச்சு, கோடை வரைக்கும் பார்க்கலாம்” என்று சொன்னபோதுகூட அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, அந்த ஊர்ச் சட்டம் அனுமதித்தபடி ஷெட்டில் விளக்கடியில் வளர்த்த மூன்று கஞ்சாச் செடிகளின் மொக்குகளைக் காயவைத்தாள். தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தாள். மருந்துக்கடை மாத்திரைகள் ஆல்பினின் வயிற்றில் தங்கவில்லை. இது தங்கும் என்று நம்பினாள்.

தங்கத்தான் செய்தது, அவள் கண்ணுக்கு. தினமும் மாலை டப்பாவை எடுத்துக்கொண்டு, “தூண்டில் சாமானைப் பார்த்துட்டு வர்றேன்” என்று ஷெட்டுக்குப் போவார். அரை மணி கழித்துச் சீட்டியடித்துக்கொண்டு வருவார். பச்சை மிளகாய்க் குழம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார். நேற்றுக்கூடப் பக்கத்து வீட்டு ரமோனா கிண்டல் செய்தாள்.

“அடியே வெர்னா, உன் புருஷனைக் கொண்டுபோய்ச் சந்தையில நிறுத்து. உன் மிட்டாய்க்கு இதைவிட விளம்பரம் வேணுமா? என் முழங்காலுக்கும் ரெண்டு குடுடி.”

“உனக்கு ஒண்ணே அதிகம். போன தடவை தின்னுட்டு என் நாய்கிட்ட ஒரு மணி நேரம் மன்னிப்பு கேட்டியே, ஞாபகமிருக்கா?”

“அது என்னைப் பார்த்த பார்வை அப்படி!”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆல்பினும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் எத்தனை வலி இருந்திருக்கும்!

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ஜன்னலோர நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார் ஆல்பின். பெட்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“ஏன் ஆல்பின்?” அவ்வளவுதான் அவளால் கேட்க முடிந்தது.

“கத்தாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும்! ஏழு வாரம்! தோலைக் கடிச்சுக்கிட்டு அங்க உக்காந்திருந்திருக்க. நான் இங்க பாட்டுப் பாடிக்கிட்டு மிட்டாய் கிண்டியிருக்கேன். நான் என்ன முட்டாளா?”

அவர் பெட்டியின் பச்சை அறையைத் தொட்டார்.

“பச்சையில ஒண்ணு சாப்பிட்டேன் வெர்னா. அன்னிக்கு க்ரெக் வந்திருந்தான்.”

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. அலாஸ்காவில் வேலை செய்யும் ஒரே மகன், நாலு வருஷம் கழித்து, ஒரே ஒரு நாளுக்கு வந்திருந்தான். அன்று கொடுத்ததுதான் அவள் முதன்முதலாகக் கிண்டிய மிட்டாய். ஊற்றும்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அப்போது தெரியாது. பாகின் மேல் மிதந்த கஞ்சா எண்ணெயெல்லாம் முதலில் ஊற்றிய அச்சில் விழுந்துவிட்டது. அந்த முதல் மிட்டாயைத்தான் ஆசையாக எடுத்துக் கொடுத்தாள். ஆல்பின் மகனை, செத்துப்போன தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெர்னாவை யார் என்று கேட்டார். மறுநாள் மதியம்வரை தூங்கினார். க்ரெக் விடியற்காலையிலேயே விமானம் ஏறிவிட்டான். அதை அவளே எத்தனை பேரிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்!

“அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னான். என்னன்னு எனக்குத் தெரியலை. அவன் முகம்கூட ஞாபகமில்லை.” ஆல்பினின் குரல் உடைந்தது. “எனக்கு இருக்கிறதே கொஞ்ச நாள். அதுல ஒண்ணு அப்படிப் போச்சு. இன்னொரு நாளைத் தர மாட்டேன். வலி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். உன்னை யாருன்னு கேட்டுக்கிட்டு நான் சாக மாட்டேன்.”

வெர்னா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த முழங்காலில் முகம் புதைத்து, பிப்ரவரியில் அழாததையும் சேர்த்து அழுதாள்.

பிறகு எழுந்தாள். முகம் கழுவினாள். ரோஜா நிற மிட்டாய் ஒன்றை எடுத்துக் கத்தியால் நாலாக வெட்டினாள்.

“அந்தத் தப்பு என்னோடது, ஆல்பின். இப்ப ஒவ்வொரு தடவையும் முதல்ல நான் தின்னு பார்த்துட்டுத்தான் தர்றேன். கால் துண்டு நீ, கால் துண்டு நான். உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கால் மணிக்கு ஒரு தடவை நான் யாருன்னு கேக்கறேன். ஒரு தடவை தடுமாறினாலும் எல்லாத்தையும் குப்பையில கொட்டிடறேன். செடியையும் பிடுங்கிடறேன்.”

அவர் அந்தத் துண்டையே பார்த்தார். விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்து வெளுத்திருந்தன. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். தன் துண்டைத் தின்றுவிட்டு, கால் மணி கழித்து வெர்னா கேட்டாள்:

“நான் யாரு?”

“வெர்னா பெர்கோ. ஏழாம் நம்பர் பஸ்.”

“நான் யாரு?”

“என் வீட்டுல குறட்டை விடற பொம்பளை.”

ஒரு மணி நேரம் போனது. வெயில் தரையில் நகர்ந்தது. அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தோள் இறங்கியது. கண்கள் மூடின. வெர்னாவுக்கு உயிரே போய்விட்டது.

“ஆல்பின்! நான் யாரு? சொல்லு, நான் யாரு?”

மூடிய கண்ணோடு அவர் சிரித்தார். ஏழு வாரம் அவள் பார்த்த சிரிப்பு இல்லை இது.

“மெதுவா பிரேக் போடு வெர்னா. வண்டியில பிள்ளைங்க இருக்காங்க.” கண்ணைத் திறந்தார். தெளிவான நீலக் கண்கள். “க்ரெக்குக்குப் போன் போடு. அப்பா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு. அன்னிக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லு.”

வெர்னா மகனின் எண்களை அழுத்தினாள்.