கொலுப்படியில் ஒரு க்யூஆர் கோடு

கொல்கத்தா சால்ட் லேக்கில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நான் விளையாட்டு வலைத்தளம் தொடங்கியபோது அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா ஊரெல்லாம் பேசத் தொடங்கினாள். பாலிகஞ்சில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று விடாமல், "எம் பிள்ளை சொந்தமா கேம் போட்டிருக்கான், பைசா கிடையாது, சும்மாவே ஆடலாம்" என்று சொல்லி வைத்தாள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

பல்லாங்குழி, தாயம், பரமபதம், லூடோ. எல்லாம் போனிலேயே ஆடலாம். ஆடத்தான் ஆள் இல்லை. பழைய ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க்கைப் போட்டேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்களே தவிர ஒருவரும் உள்ளே வரவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் விதிவிலக்கு. தினமும் மதியம் கொல்கத்தாவிலிருந்து யாரோ வந்து வெகுநேரம் பல்லாங்குழி ஆடிவிட்டுப் போவார். திரையில் அந்த 'ஒன்று' தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். "ரிப்பீட் யூசர்ஸ் இருக்காங்கடா" என்று நண்பர்களிடம் ஒருவரைப் பலராக்கிப் பீற்றிக்கொண்டேன்.

நவராத்திரி வந்தது. தெருமுனைப் பந்தலில் துர்கா பூஜை, எங்கள் ஹாலில் கொலு. நான் அச்சடித்து வைத்திருந்த க்யூஆர் கோடு தாள் ஒன்றை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். மாலையில் பார்த்தால் அது கீழ்ப்படியில், செட்டியார் பொம்மைக்கும் மரப்பாச்சிக்கும் நடுவில் ஒட்டியிருந்தது. கொலுவுக்கு வந்தவர்கள் பாடாமல் போகக்கூடாது, தாம்பூலம் வாங்காமலும் போகக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அம்மா மூன்றாவதாக ஒன்றைச் செருகிவிட்டாள்.

"மாமி, போனை எடுங்கோ. ஒரு ஆட்டம் ஆடிட்டு வெத்தல பாக்கு வாங்கிக்கலாம்."

எனக்கு மானம் போயிற்று. உள் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். லேப்டாப்பை மட்டும் மூடவில்லை. திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. வெட்கம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம் இழுத்ததில் ஆசைதான் ஜெயித்தது.

முந்தின நாள்தான் ஒரு விளம்பரக் கம்பெனியோடு தளத்தை இணைத்திருந்தேன். பெரிய கம்பெனிகள் ஆள் வராத தளத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். என்ன மாதிரி விளம்பரம் வரும் என்று நானும் கேட்கவில்லை.

வந்தது. ஒரு மாமியின் போனில் பல்லாங்குழியை மறைத்துக்கொண்டு ஏதோ வங்காள எழுத்து வந்து நின்றது. வங்காளத்தில் பேரம் பேசிக் காய்கறிக்காரரையே திணறடிக்கிற மாமிதான். ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஆட்டத்தின் விதிமுறை என்று நினைத்து, கொலு பார்க்க வந்திருந்த, நாங்கள் காகிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி மாமியிடம் போனை நீட்டிப் படிக்கச் சொன்னாள். காகிமா ஓய்வுபெற்ற பள்ளி டீச்சர். வகுப்பில் படிப்பதுபோல் கணீரென்று ஆரம்பித்தாள். "ஏக்கா லாக்சே?" தனிமையாக இருக்கிறதா? பாலிகஞ்சில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அழகான பெண்கள் காத்திருக்கிறார்கள் என்பதுவரை படித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

தெருமுனைப் பந்தல் மேளம் மட்டும் கேட்டது.

"ஐயையோ, இதென்ன கண்றாவி!" என்று அந்த மாமி போனைக் கீழே போட்டாள்.

நான் வெளியே போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். கதவுப் பிடியில் கையை வைத்தபடி அப்படியே நின்றேன்.

"அவன் சைட்ல இதெல்லாம் கிடையாது மாமி" என்றாள் அம்மா. "தெனமும் மத்யானம் நான் பல்லாங்குழி ஆடறேனே, ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. நான்தான் வேற எதையோ தப்பா ஒட்டித் தொலைச்சிருக்கேன். எனக்கு என்ன தெரியும் இதெல்லாம்?"

படியிலிருந்து தாளைப் பர்ரென்று கிழிக்கும் சத்தம் கேட்டது.

அப்போதும் நான் வெளியே போகவில்லை. இத்தனை நாள் நான் பீற்றிக்கொண்ட அந்த ஒரே ஆள் ஹாலில் நின்று என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ஒரு கிண்ணம் சுண்டலோடு அறைக்கு வந்தாள்.

"எடுத்துட்டியா அந்த விளம்பரத்தை?"

"எடுத்துட்டேம்மா."

"ம்" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பூஜ்யம். அம்மாவின் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. அவள் சமையலறையில் சாயங்காலச் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "வாம்மா, ஒரு ஆட்டம் ஆடு" என்று கூப்பிடலாமென்று எழுந்து சமையலறை வாசல்வரை போனேன். லிங்க் போட்டு ஊரையே கூப்பிட்டவனுக்கு, அவளைக் கூப்பிட வாய் வரவில்லை.