முளைத்த நெல்லும் கொட்டிய சோறும்

மலாக்காவில் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நம் ஊரில் பட்டினி கிடந்தவனிடம் கேட்கிற சொல். இங்கே காலை உணவுக்கே அதுதான் பெயர். வந்த புதிதில், செங் என்ற ஊரில் ஒருவர் அப்படிக் கேட்டதும் "இன்னும் இல்லைங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பாவம், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், ரொட்டி சானாய் வாங்கித் தந்துவிட்டுத்தான் நகர்ந்தார். அது சும்மா நலம் விசாரிப்பது என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து யார் கேட்டாலும் "ஆச்சு" என்றுவிடுவேன்.

இப்போது அலோர் காஜாவில் ஒரு கல்யாண மண்டபச் சமையற்கட்டில் வேலை. போன வாரக் கல்யாணத்துக்கு மழையால் பாதிப் பேர் வரவில்லை. காலைக்குச் சமைத்த நாசி லெமாக் சோறு ஓர் அண்டா அப்படியே நின்றது. சமையலைப் பார்த்துக்கொள்ளும் சரஸ்வதியக்கா கேட்டார்.

"தம்பி, பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா." பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை, வாய் பழகிவிட்டது.

"அப்ப புவாங் பண்ணிரு லா. சந்தான் போட்ட சோறு, தாங்காது. வெளிய குடுத்து யாருக்காச்சும் வயித்தால போனா யாரு பதில் சொல்றது?"

தேங்காய்ப்பால் சோறு சீக்கிரம் ஊசிப்போகும், வாஸ்தவம். ஆனால் கொட்டு என்பதை இவ்வளவு லேசாகச் சொல்கிறார்களே என்று வயிறு எரிந்தது. "ஆச்சு" என்ற வாயால் எனக்கு ஒரு தட்டு கேட்கவும் கூச்சமாக இருந்தது.

குப்பைப் பையை விரித்தபோது அப்பா வீடியோவில் அழைத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் வயலில் முழங்கால் தண்ணீரில் நின்றார். அறுப்புக்கு நின்ற பயிர் பருவம் தப்பிய மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. கொட்டுகிற சோறு குப்பைமேட்டில் அழுகி, வாயுவாகி, வானத்தையே கெடுக்கிறது என்கிறார்கள். அப்பா வயலில் பெய்த அந்த மழையில் என் கையும் கொஞ்சம் இருக்கிறதோ என்னவோ.

"வெதநெல்லுக்குக்கூடத் தேறாதுப்பா" என்றவர், "அதென்ன பின்னால, சோறா?" என்றார். காட்டினேன். "ஏயப்பா! எம்புள்ள இருக்கிற எடத்துல சோத்துக்குக் கொறையில்ல. அது போதும்." வரப்பில் நின்ற அம்மாவையும் கூப்பிட்டார்.

"தம்பி, அண்டா வேணும் லா!" அக்கா அவசரப்படுத்தினார்.

மத்தியானத்துக்கு வடித்து வைத்திருந்த சோறு மட்டும் தெரியும்படி போனைச் சாய்த்து வைத்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி அண்டாவைப் பைக்குள் கவிழ்த்தேன். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "ஆறிப்போறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிடுய்யா."