மயில் பலகைக்கு வார்த்த குண்டு

எங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று ஆராய்ச்சிக்கூடத்தில் சாக்லேட் நீட்டியபோது, பக்கத்து மேசைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சொன்னார்: "பிரமாதம்! உன் பெண் பேரில் ஒரு பலகை சுட்டுவிடுவோம்."

எழுபதுகளின் தொடக்கம் அது. தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் நான் உலோகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரரான என் ஜெர்மானியச் சகா ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் உறுப்பினர். சனிக்கிழமைகளில் என்னையும் விருந்தாளியாக அழைத்துப் போவார். அவருடைய ரிவால்வர் பெரிய வாய் கொண்டது, குண்டு ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் பருமன். கடைத் தோட்டாவை அவர் மதிப்பதே இல்லை. எல்லாம் கைவேலைதான். அனுமதிச் சீட்டு அவரிடம் இருந்ததால் தோட்டாவில் வெடிமருந்து நிரப்புவது அவர் பாடு. ஈயம் வார்ப்பது என் பாடு.

அந்த ஊர் வழக்கம் இதுதான். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் வட்டமான மரப்பலகையில் படம் எழுதிச் சங்கத்தில் மாட்டுவார்கள். ஆளுக்கு ஒரு குண்டு சுடுவார்கள். நடுவுக்கு மிக அருகில் சுட்டவர் பலகையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சகாவின் மனைவி எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்து, தொட்டில், தொட்டிலின் பக்கத்தில் தோகை விரித்த மயில், நடுவில் முழுநிலா என்று அற்புதமாக எழுதிவிட்டார். பெண்ணின் பெயர்கூடத் தமிழில் இருந்தது.

என் மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நம்ம ஊர்ல குழந்தைக்கு திருஷ்டி சுத்திப் போடுவாங்க. இங்க என்னடான்னா சுட்டுப் போடுவாங்களா?"

"இது கௌரவம்மா."

"என்ன கௌரவமோ! எம் பொண்ணு பேரு எழுதின பலகை வேற எவர் வீட்டுக்கும் போகக் கூடாது. நீங்கதான் ஜெயிச்சுக் கொண்டாரணும். அவ்வளவுதான் சொல்லிட்டேன்."

சரி, வார்ப்பில் கோட்டை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். சுத்த ஈயம் நகம் பட்டாலே தடம் விழும் சாது. அதை ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்துக் கெட்டியாக்கலாம். வெள்ளீயத்துக்கு எங்கே போவது? வீட்டிலேயே இருந்தது. மனைவி ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த ஈயச்சொம்பு, இந்த ஊர் மின்சார அடுப்பு அணைத்த பிறகும் சுடும் என்று தெரியாமல் அவள் அதன்மேலேயே விட்டுவைத்ததில், ரசம் வற்றிப் போய் உருகிவிட்டிருந்தது. பேரில்தான் ஈயம், அசலில் வெள்ளீயம். அந்தக் கட்டியை அவள் பீரோவில் பத்திரப்படுத்தியிருந்தாள். "இதாவது உருப்படியா எதுக்காச்சும் யூஸ் ஆகட்டும்" என்று பெருமூச்சோடு தந்தாள்.

சகாவின் கொட்டகையில் கதவு ஜன்னலெல்லாம் திறந்துவைத்து உருக்கினோம். மேலே மிதந்த கசடை வழித்தெடுத்து, கரண்டியால் அச்சில் ஊற்றினேன். முதல் சில குண்டுகள் சுருங்கிப்போய் வந்தன. அச்சும் தோசைக்கல் மாதிரிதான், சூடேறும்வரை சொன்னபடி கேட்காது. பிறகு அச்சைத் தட்டத் தட்ட, பழைய கம்பளியின் மேல் வெள்ளிபோல் மின்னிக்கொண்டு உதிர்ந்தன பாருங்கள்! எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துப் போய்க் கடினத்தன்மையை அளந்தோம். அபாரம். ஒரு தரம் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு டாக்டர் பட்டங்களுக்கும் தோன்றவில்லை.

போட்டி நாளில் எங்களை எதிர்த்து நின்றவர்களில் ஊர்ப் பல் மருத்துவரும் இருந்தார். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். தெருவில் வணக்கம் சொன்னால் மேகத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர். இவரிடம் மட்டும் பலகை போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

சகா முதலில் சுட்டார். குண்டு பலகையிலேயே படவில்லை. அடுத்து நான். மூச்சை அடக்கி நிலாவைக் குறிவைத்து அழுத்தினேன். மயிலின் தோகையில் நீளமாக ஒரு பிளவு விழுந்தது. குண்டு பக்கவாட்டில் புரண்டுகொண்டே போய் மோதியிருக்கிறது! மிதமான மருந்துக்கு மென்மையான ஈயம்தான் குழலுக்குள் சற்று விரிந்து, உள்ளே வெட்டியிருக்கும் திருகுப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு சுழலும். என் இரும்பு மனசுக்காரக் குண்டு எதையும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

பல் மருத்துவர் சுட்டார். நிலாவின் நடுவில் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வட்ட ஓட்டை.

அவர் குண்டு எதில் வார்த்தது தெரியுமா? பல்லை எக்ஸ்ரே எடுக்கிற ஃபிலிம் உறைக்குள் மெல்லிய ஈயத்தகடு இருக்கும். நோயாளிகளுடைய தகடுகளையெல்லாம் சேர்த்து உருக்குவாராம். "உன் கடைவாய்ப் பல்லின் தகடும் அதில் இருக்கிறது" என்று முதல்முறையாக என்னிடம் சிரித்தார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மயிலையும் கிழிச்சு, சொம்பையும் தொலைச்சாச்சு" என்று மனைவி அன்றிரவு குழந்தையிடம் மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடித்தது. பல் மருத்துவர், கையில் தொப்பியுடன். "பலகையை மாட்டிவிட்டேன். சொந்தக்காரி வந்து பார்க்க வேண்டாமா? என் மனைவி கேக் செய்திருக்கிறாள்."

வேண்டாவெறுப்பாகத்தான் போனோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வரவேற்பறைச் சுவரில் கடிகாரம், மான்கொம்பு எல்லாம் உயரத்தில் இருந்தன. எங்கள் பலகை மட்டும் முழங்கால் உயரத்தில். ஏன் இவ்வளவு தாழ்வாக என்று கேட்டேன். "பெரியவர்களுக்கா மாட்டினேன்? நாளைக்கு எழுந்து நிற்கிறபோது அவளுக்கு எட்ட வேண்டாமா?" என்றார்.

மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கேக்குக்கு எங்களை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிறு, பெண் தத்தித் தத்திப் பலகையிடம் போனாள். மருத்துவர் குனிந்து அவள் விரலைப் பிடித்துத் தன் வட்ட ஓட்டையில் வைத்தார். அவள் வெடுக்கென்று உருவிக்கொண்டு, தோகையில் இருந்த என் பிளவில் இரண்டு விரலை விட்டுக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தாள். அவர் மறுபடி இழுத்தார். அவள் மறுபடி அங்கேயே போனாள்.

"இது அநியாயம்! ஜெயித்தது என் ஓட்டை!" என்று அவர் கத்தினார்.

"சும்மா இருங்க டாக்டர்" என்றாள் மனைவி, அவருக்குப் புரியாத தமிழிலேயே. "அது எங்க வீட்டு ரசச்சொம்பு."