'போ' என்றால் வரும் நாய்

மேல்வீட்டுப் பெண் எங்கிருந்தோ ஒரு நாயைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். "ரொம்ப ஷை அங்கிள், நீங்க கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள். காலை வேளையில் எனக்கு மனிதர்களையே பிடிக்காது, இதில் நாய் வேறு. ஆனால் அவள் கையிலிருந்த பொறை ரொட்டியின் வாசனை என்னை உத்திரமேரூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எண்பதுகளின் தொடக்கம். அங்கே ஓர் அரிசி மில்லில் நான் குமாஸ்தா. ஒருநாள் உமிக் குவியலுக்குப் பின்னால் ஒரு செவலை நாய் கிடந்தது. கழுத்தைச் சுற்றிக் கம்பி அறுத்த புண். தெருநாய் பிடிக்கிற வண்டியிலிருந்து தப்பி வந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் கல்லெடுப்பதற்குள் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கல்யாணமான புதிது, வீரத்தைக் காட்ட வேறு வழி தெரியவில்லை.

நாய் கட்டிலடியில் புகுந்துகொண்டது. பொறையை நீட்டி, "தோ... தோ..." என்பேன். நாயை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? கூப்பிடக் கூப்பிட நடுங்கி, தரையை நனைக்கும். என் மனைவி சரோஜா பக்கத்துப் பெருநகர் கிராமத்துக்காரி. பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருநாள் துடைப்பத்தோடு குனிந்து, "எக்கேடோ கெட்டுப் போ, சனியனே! போ!" என்று கத்தினாள். அது மெல்ல வெளியே வந்து அவள் காலடியில் படுத்தது.

"இன்னாய்யா இது, போன்னா வருது!"

பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டிக்காரன் பொறையைக் காட்டி 'தோ தோ' என்று கொஞ்சித்தான் கழுத்தில் கம்பியைப் போடுவான். யாராவது கொஞ்சினால் அதற்கு உயிர் போனது, திட்டினால் நிம்மதி. அன்றிலிருந்து 'போ' என்றே கூப்பிட்டோம். சோற்றுக்கும் 'போ'தான்.

கழுத்தை மட்டும் தொட விடவில்லை. பட்டை கட்டிய நாயை வண்டிக்காரன் பிடிக்க மாட்டான். கட்டாவிட்டால் வீட்டு நாயும் தெரு நாய்தான். வாங்கிவந்த பட்டை ஆணியில் தொங்கியது. சரோஜா தலையைத் தடவித் தடவி, ஒருவழியாகக் காதுவரை வந்திருந்தாள். எங்கிருந்து அத்தனை பொறுமை வந்ததோ! எனக்கு ஒருநாளும் அதில் பங்கு கிடைத்ததில்லை.

எதிர்வீட்டு மாணிக்கம் என்று ஓர் ஆசாமி. தெருவே தன் பாட்டன் சொத்து என்று நினைப்பு. "சொறி நாயெல்லாம் வூட்ல வச்சிக்கினு... புள்ளைங்க நடமாட்ற தெரு இது. வண்டி வரட்டும்" என்று கருவிக்கொண்டே இருப்பார். அவருக்குப் பிள்ளையே கிடையாது.

வண்டி வந்தது. 'தோ தோ' காதில் விழுந்ததும் எங்கள் நாய் ஓடிப்போய் மாணிக்கத்தின் வேலியோரம் பதுங்கியது. அவர் குச்சியை ஓங்கி விரட்டினார்.

"போ! ஏய், போ!"

அது வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் போனது.

நான் பட்டையோடு ஓடிவருவதற்குள், எங்களுக்குக் கொடுக்காத கழுத்தை அவர் பிடித்துத் தூக்கி வண்டிக்காரனிடம் நீட்டிவிட்டார். "தானா வந்து மாட்டிக்கிச்சி" என்று சிரிப்பு வேறு.

"எங்க வூட்டு நாய்யா அது, வுடுய்யா!" சரோஜா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"பட்டை எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு, அவள் கையை விலக்கிக் கதவைச் சாத்தினான். கெஞ்சிக்கொண்டே நான் ஓடிய ஓட்டமெல்லாம் வீண்.

மாணிக்கம் போய்ச் சேர்ந்தார். நான் சாவுக்குப் போகவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. நாய் வண்டியின் சத்தமே இப்போது யாருக்கும் தெரியாது. தொலையட்டும். அந்த நாளில் வாய்க்கு வாய் என்னைப் "போய்யா" என்பாள் சரோஜா, கோபத்திலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான். நாயைப் பிடித்துப்போன பிறகு ஒருதரம்கூட அவள் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை. சண்டை முற்றினால் அவளே எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறாள். என்னைப் போகச் சொல்வதில்லை.