பேரையூர்ப் பக்கம் ஒச்சாயி பாடிய நாள்

மாலை நாலே முக்காலுக்கு எங்கள் வேன் கோயில் முன்னால் நின்றது. இறங்கியதும் ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. 'கர்நாடக இசைக் கச்சேரி. பாட்டு: ஒச்சாயி, மதுரை.' வயலின்காரர் பெயரும் மிருதங்கக்காரனான என் பெயரும் சரியாக இருந்தன. பாடகியின் பெயர் மட்டும் தவறு. அவர் ஒக்ஸானா.

தவறு என்னுடையது. பெயரை வாட்ஸப்பில் எழுதி அனுப்பாமல் போனில் சொன்னேன். திருவிழாக் கமிட்டிச் செயலாளரிடம் கேட்டதற்கு, "நீங்க ஒச்சா ஒச்சான்னுதானண்ணே சொன்னீக. எங்க சின்னம்மா பேரே ஒச்சாயிதான்" என்றார்.

இருபத்தாறு வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் நோட்டில் ஒரு பக்கம்: ஊர், சுருதி எத்தனை கட்டை, பாடிய வரிசை, என் வாசிப்பில் வந்த பிழை. புதிதாகப் பக்கவாத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக அதிலிருந்து இதை எழுதுகிறேன்.

ஒக்ஸானாவின் தாத்தா உக்ரைனிலிருந்து கனடாவுக்குக் குடியேறிக் கோதுமை விதைத்தவர். ஒக்ஸானா சிறுவயதில் அங்கே சர்ச்சில் பாடினார். பிறகு மதுரைக்கு வந்து கர்நாடக சங்கீதம் கற்றார். வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் பன்னிரண்டு வருடம். ஐந்து கட்டை சுருதி. மேல் ஸ்தாயியில் நிற்கும்போது குரல் கொஞ்சமும் ஆடாது. ஆனால் எந்த மேடையிலும் முதல் பத்து நிமிஷம், நம் கலாச்சாரத்தைத் தேடி வந்த வெள்ளைக்காரப் பெண் என்ற பேச்சுதான் நடக்கும்.

அந்த வாரம் கனடாவிலிருந்து ஓர் இசைப் பள்ளி அவரை ஆசிரியராக வரச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். போய்விடப் போவதாக வேனில் என்னிடம் சொன்னார்.

"பன்னெண்டு வருஷத்துல ஒருத்தராச்சும் நான் பாடுனது நல்லா இல்லன்னு சொல்லியிருக்காங்களாண்ணே? பாட்டக் கேட்டாத்தான சொல்ல முடியும்."

நான் நோட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதினேன்.

ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு, திருத்த வேண்டாம் என்று சொல்லி மேடையேறினார். முன்னால் நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் அவரைச் செல்போனில் படம் எடுத்தார்கள். இரண்டாவதாகத் தோடி ராகம். ஆலாபனை மட்டும் இருபது நிமிஷம். கடைசியில் அம்மன்மேல் ஒரு விருத்தம். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது என்பதால் எனக்குக் கை ஓய்வு. சும்மா உட்கார்ந்து கேட்டேன்.

ஏழு மணிக்குக் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பந்தி. சமையல்காரர் அடுப்பை விட்டு நகராதவர். தலைக்கு மேலே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில்தான் கச்சேரியைக் கேட்டிருக்கிறார். நான்தான் மிருதங்கம் என்று தெரிந்ததும், ஒச்சாயி ஏன் சாப்பிட வரவில்லை என்று விசாரித்தார். பிறகு என் பக்கத்தில் இருந்த ஒக்ஸானாவைப் பார்த்தார்.

"இவுக திருவிழா பாக்க வந்தவுகளா?"

நான் வாயைத் திறக்குமுன் ஒக்ஸானா என் முழங்கையைத் தொட்டார். "ஆமாண்ணே. பாட்டு எப்படி இருந்துச்சு?"

அவர் தமிழைக் கேட்டுச் சமையல்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உள்ளதச் சொல்லணும்னா, அந்த ரெண்டாவது பாட்டு ஒரே இழுவைம்மா. அம்புட்டு நேரமும் ஆ ஆன்னே போகுது. நான் ஒரு அண்டாச் சோறு வடிச்சு முடிச்சிட்டேன், அதுக்கு இன்னும் சொல்லே வரல."

"அப்புறம்?"

குரலைத் தாழ்த்தினார். "கடைசியா ஆத்தாளப் பாடுச்சுல்ல. கரண்டியப் புடிச்சபடி நின்னுட்டேன். சாம்பாரு அடிப்பிடிச்சுப் போச்சு. மேலாக்கத்தான் மோந்து ஊத்துறேன். ஒச்சாயிகிட்டச் சொல்லிராதீக."

ஒக்ஸானா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. நிமிர்ந்ததும் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டார். திரும்பும் வழியில், தோடியில் எதைக் குறைக்கலாம் என்று திருமங்கலம் வரை வயலின்காரரோடு வாதாடிக்கொண்டே வந்தார்.

எனக்குத்தான் உறுத்தியது. தோடி நீளம் என்று எனக்கும் பல கச்சேரிகளில் தோன்றியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து இவ்வளவு பாடுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவன் முதலில் கேட்கிறவன். கேட்டதைச் சொல்லாவிட்டால் அவன் பாதி வேலைதான் செய்திருக்கிறான்.

மறுநாள் காலை நோட்டோடு வில்லாபுரம் போனேன். தோடியில் மேல் ஷட்ஜத்தில் நிற்பது அதிகம், குரல் நிற்கிறது என்பதற்காகவே நிற்கிறீர்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பூராவை மீட்டிப் பாடிக் காட்டினார். நானும் விடவில்லை. பதினொரு மணி வரை சண்டை.

திங்கட்கிழமை அவர் கனடாவுக்கு எழுதிய பதில் இரண்டே வரி. இங்கே வேலை பாக்கி இருக்கிறது என்று எழுதியிருந்தார்.