சும்மா வந்த கடல்

பல் கட்டும் பட்டறையில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். மருத்துவர்கள் அனுப்பும் வாயின் அச்சை வைத்து, மெழுகில் பல்லை அடுக்கி, வார்த்து, தேய்த்து, மினுக்கி அனுப்புகிற பட்டறை அது. வேலை செய்கிறவர்களில் மூத்தவள் என்பதால் அக்கா. பல்லோடு பிழைப்பதால் பல்லக்கா. அவள் கணவர் பஸ் டிரைவர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் திருத்திச் சொல்வார்: "பல்லக்கா இல்லீங்க, பல்லக்கு. தூக்கிச் சுமக்கிறது நானு."

அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. டிவி பார்க்கும்போது துணி மடிப்பாள். துணி மடிக்கும்போது பாதியில் எழுந்து போய் ஸ்டவ்வைத் துடைப்பாள். பட்டறையிலும் அப்படித்தான். ஒரு பல் செட்டை முடித்துப் பெட்டியில் வைத்த பிறகும் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பாள். அந்தத் துறுதுறுப்புக்கு ஒரு தீனி கிடைத்த கதைதான் இது.

பட்டறைக்கு நிறைய வேலை கொடுக்கிற பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கை மாற்றிக் கட்டினார். காத்திருப்போர் அறையில் ஒரு கடல் தொட்டி இருந்தது. இரண்டு ஆரஞ்சு நிற மீன்கள், உடம்பில் வெள்ளைப் பட்டை. ஒரு பாறை, அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பும் பச்சையுமாகப் பவளம். செட் கொடுக்கப் போகும்போதெல்லாம் அவள் அதன்முன் நின்றுவிடுவாள்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கு போல. எடுத்துட்டுப் போங்க, காசெல்லாம் வேணாம்" என்றார் டாக்டர். அந்த இடத்தில் டிவி வைக்கப் போகிறாராம்.

காசு வேண்டாம் என்ற சொல்லில் அவள் விழுந்துவிட்டாள். நான்கு ஆட்கள் தொட்டியை இரண்டு மாடி ஏற்றினார்கள். ஏற்று கூலியைக் கேள்விப்பட்டதும் அவள் டிரைவர் கணவர், "சும்மா வந்த தொட்டிக்கு இதுதான் முதல் செலவா?" என்று சிரித்தார். கடைசிச் செலவும் அதுவே என்றுதான் அன்றைக்கு இருவருமே நினைத்தார்கள்.

மறுநாள் தண்ணீர் பால்போல் கலங்கிவிட்டது. பல்லக்கா கடல் மீன் விற்கும் கடையைத் தேடிப் பிடித்தாள். உள்ளே எங்கு பார்த்தாலும் நீல வெளிச்சம். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தொட்டிதாங்கா சும்மா. உள்ள இருக்கிறது சும்மா இல்ல. குழாய்த் தண்ணி ஆகாது, அதுக்குத் தனி ஃபில்டர். உப்புன்னா சமையல் உப்பு இல்ல, இதுக்குன்னே வர்ற உப்பு. அழுக்க நுரையாக்கி வெளிய தள்ள ஒரு மெஷின். அப்புறம் அலை."

"அலையா?"

"கடல்னா அலை வேணாமா? அதுக்கு மோட்டார் இருக்கு."

அலையையும் விலைக்கு வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பினாள். பிறகு விளக்கு. பவளத்துக்கு வெயில் வேண்டும், ஜன்னல் வெயில் ஆகாது, அதற்கென்று தனி விளக்கு. அதன் விலையை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பாதி மாதச் சம்பளம். ஆனால் அந்த விளக்கின் கீழ் பழுப்புப் பொத்தான்கள் சில நாளில் வாயைத் திறந்து, நடுவில் இளஞ்சிவப்பும் ஓரத்தில் கிளிப்பச்சையுமாக விரிந்தன. அவள் மகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், "அழகாத்தான்மா இருக்கு. எனக்கு பஸ் போயிடும்" என்று ஓடினாள்.

அதற்குப் பிறகு பல்லக்காவுக்கு நிம்மதி என்பதே போயிற்று. பட்டறையில் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரின் சூடு எவ்வளவு இருக்கும் என்று மனசு ஓடும். கரண்ட் போனால் முதலாளியிடம் ஏதோ சாக்குச் சொல்லி வீட்டுக்கு ஓடுவாள். இந்த ஒரு சாமானை வாங்கிவிட்டால் போதும் என்று தோன்றும். வாங்கி மாட்டிய அன்றைக்கே அடுத்தது இல்லாத குறை கண்ணில் படும். டிரைவர் விலை கேட்டால் பாதியைச் சொன்னாள். போகப்போகக் கால்வாசியைச் சொன்னாள்.

"இந்த மோட்டாரு என்ன விலை?"

"அது ஒண்ணும் பெரிசில்லங்க. ஆஃபர்ல போட்டிருந்தான்."

"உனக்கு மட்டும் எப்படித்தான் எல்லாம் ஆஃபர்ல வருதோ" என்பார். அவர் நம்பினாரா, விட்டுப்பிடித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுவும் சேர்ந்து உறுத்தியது.

கோடை வந்தது. வீட்டு ஃப்ரிட்ஜ் அப்போது உயிரை விட்டுக்கொண்டிருந்தது. புதிது வாங்க இருவருமாகக் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தார்கள். தொட்டித் தண்ணீரோ நாளுக்கு நாள் சூடேறியது, பொத்தான்கள் சுருங்கின. பல்லக்கா அந்தப் பணத்தை எடுத்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் 'சில்லர்' மெஷினை வாங்கிவிட்டாள். அன்று மாலை டிரைவர் டீ போடப் பாலை எடுத்தால் திரிந்து கிடந்தது.

"நல்லா இருக்கு. மீனுக்கு ஏசி. மனுசனுக்குத் திரிஞ்ச பாலு" என்றார். கோபத்தில் சொன்னாரா கிண்டலில் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மகள் கறுப்புக் காப்பி குடிக்கப் பழகிக்கொண்டாள்.

சில்லர் வந்துவிட்ட தைரியத்தில்தான் அவள் கிளைப் பவளத்தில் கை வைத்தாள். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு, நுனியில் ஊதா. விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளம். கடைக்காரர் அதைப் பையில் கட்டும்போது, "இது வளந்துச்சுன்னா வேற லெவல், அக்கா" என்றார். வளரவில்லை. இரண்டே வாரத்தில் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே மேலே வந்து, ஒருநாள் காலை எலும்புத் துண்டாக நின்றது. பல்லக்கா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு மாதம் குனிந்த தலை நிமிராமல் தேய்த்த பற்களெல்லாம் போயிற்று என்று அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

"எல்லாருக்கும் முதல்ல போறதுதாங்கா" என்றார் அவர். "போட்ட காச எடுக்கணும்னா ஒரு வழி இருக்கு. அந்தப் பொத்தான் கோரல் உங்கக்கிட்ட காடு மாதிரி பரவிக் கிடக்கே? துண்டு போட்டுக் குடுங்க, நானே வித்துத் தரேன்."

அவளுக்கு அது வரம் கிடைத்த மாதிரி இருந்தது. தொட்டியே தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும், யாரிடமும் விலையை மறைக்க வேண்டியதில்லை. முதலில் ஓரத்திலிருந்த சில பொத்தான்களைக் கத்தியால் நெம்பிக் கொடுத்தாள். விற்றுப் பணம் வந்தது. அந்தப் பணத்தில் திரும்பவும் ஊதா நுனியோடு ஒரு கிளைப் பவளம் வாங்கினாள். இது பிழைத்துக்கொண்டது. அதோடு ஆசை தலைக்கேறியது. கத்தியால் நெம்பி எப்போது முடிப்பது? பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கை மெஷினைக் கேட்டு வாங்கி வந்தாள். பல்லை அறுக்கும் வட்டத் தகடு அதில் நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றும். பாறையையே பாளம் பாளமாக அறுத்துவிடலாம்.

டிரைவருக்கு அன்று லீவு. அடுப்படி மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்புத் திண்டில் பாறையை வைத்து மெஷினை ஓட்டினாள். ஈரமான பவளம் தகட்டில் பட்டுப் புகைபோல் தெறித்தது. பட்டறையில் என்றால் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் அவள் மெஷினைத் தொடவே மாட்டாள். தூசியை இழுக்கும் குழாயும் அங்கே பக்கத்திலேயே இருக்கும். வீடுதானே என்று இருந்துவிட்டாள்.

"கண்ணு எரியுது. வெங்காயமா, உன் வேலையா?" என்றார் அவர்.

"வெங்காயந்தான்" என்றாள்.

சற்று நேரத்தில் அவள் வாயில் காசைப் போட்டுக் குதப்பியதுபோல் ஒரு ருசி. பிறகு குளிர். கோடை மத்தியானத்தில் இரண்டு பேரும் போர்வைக்குள் பல் கிட்டிக் கிடந்தார்கள். சாயங்காலம் மகள் வந்து கதவைத் திறந்தபோது அப்பாவின் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் விஷக்காய்ச்சல் என்றார். "வீட்ல பூச்சி மருந்து ஏதாவது அடிச்சீங்களா?"

"கோரல் வெட்டினா" என்றார் டிரைவர், நடுக்கத்தோடு.

"எத வெட்டினாங்க?"

மகள் போனில் தேடி அவரிடம் நீட்டினாள். அந்த வகைப் பொத்தான் பவளத்தில் சிலவற்றுக்குள் கொடிய விஷம் இருக்கும். அறுத்தாலோ கொதிக்க வைத்தாலோ சாரலோடும் ஆவியோடும் சேர்ந்து மூச்சில் ஏறும் என்று அதில் இருந்தது. டாக்டர் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் அவர் நடையே மாறிவிட்டது. இருவரையும் உள்ளே சேர்த்தார், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார், கண்களை மறுபடி மறுபடி கழுவச் சொன்னார்.

பல்லக்கா சீக்கிரம் தேறினாள். மூச்சு சீரானது, காய்ச்சல் இறங்கியது. டிரைவருக்கும் காய்ச்சல் விட்டது, ஆனால் கண் தெளியவில்லை. கருவிழி புண்ணாகியிருக்கிறது, ஆறும், எவ்வளவு நாளில் என்று சொல்ல முடியாது, அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். கண்ணை நம்பிப் பிழைக்கிற மனிதர். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் ஜன்னலருகே நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்ச் சாலையில் போகும் பஸ்ஸின் எண்ணைப் படிக்கப் பார்ப்பார். பிறகு கையை மாற்றி அடுத்த கண். திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கழுவிய திண்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

ஒருநாள் அவர் கூப்பிட்டு உட்கார வைத்தார். "எல்லாம் சேத்து எவ்வளவு ஆச்சு? இந்தத் தடவ நெசத்தச் சொல்லு."

அவள் சொன்னாள். சில்லர், விளக்கு, செத்த பவளம், பிழைத்த பவளம், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

"இந்தக் காசுல ஒரு பஸ்ஸுக்கு எல்லா டயரையும் மாத்தி, சீட்டுக்கும் புதுத் துணி போட்டுடலாம்" என்றார் கடைசியில். பிறகு, "காசு போனாப் போவுது. எங்கிட்ட மறைக்கிற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "வித்துடுறேங்க" என்றாள்.

"நான் விக்கச் சொல்லல."

"நீங்க சொல்லலங்க. நான்தான் சொல்றேன்."

விற்பது வாங்கியதுபோல் சுலபமாக இல்லை. அதே கடைக்காரர் சில்லர் மெஷினைத் தட்டிப் பார்த்து, "பழசாயிடுச்சேக்கா, இத யாரு வாங்குவா?" என்று இழுத்தார். போட்டதில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது என்று தெரிந்ததும் அவள் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கடைசியில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு ஹோட்டலின் மேனேஜர், வரவேற்பறைக்கு வேண்டும் என்று மொத்தமாக எடுத்துக்கொண்டார். பாதி விலை வந்தது. அந்தப் பணத்தில் அன்றைக்கே ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள். பொத்தான் பவளப் பாறையை மட்டும் அவள் ஹோட்டலுக்குக் கொடுக்கவில்லை. கண்ணாடி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் ப்ளீச் கலந்த வாளியில் அமிழ்த்தி மூடிவைத்துக் கொன்றாள். மூடியை அழுத்திய கையை நெடுநேரம் எடுக்காமல் நின்றாள். பயம் பாதி, மீதி என்னவென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

டிரைவருக்கு மெல்லக் கண் தெளிந்தது. பரிசோதனையில் தேறி வண்டி எடுத்த அன்று, வீட்டின் முன்னால் போகும்போது ஹாரனை நீளமாக அடித்துவிட்டுப் போனார். பல்லக்கா பால்கனியில் நின்று அழுதாள், சிரித்தாள், உள்ளே வந்தாள். தொட்டி இருந்த மூலை வெறிச்சென்று இருந்தது. அங்கே நாற்காலியைப் போட்டாள், எடுத்தாள், மேஜையைப் போட்டாள். எதுவும் சரியாக உட்காரவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஹோட்டல் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. "மேடம், தண்ணி வெள்ளையாயிடுச்சு. மீன் ரெண்டும் மூலையில ஒண்டிக்கிடக்கு."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். குறைந்த தண்ணீரை யாரோ குழாய்த் தண்ணீரால் நிரப்பிவிட்டிருந்தார்கள். மாலைவரை மல்லுக்கட்டித் தண்ணீரை மாற்றினாள். ஊதா நுனிப் பவளம் தப்பித்துவிட்டது. மேனேஜர் கை பிசைந்தபடி, "வாரத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க. மாசம் ஒரு தொகை போட்டுக் குடுத்துடுறேன்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிரைவரிடம் சொன்னாள், தொகை உட்பட. அவர் யோசித்தார். "வெட்டுற வேலை உண்டா?"

"கிடையாது."

"கண்ணாடி?"

"எப்பவும்."

"சரி, போ."

இப்போது அவள் கையில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன, மூன்றும் அடுத்தவர்களுடையவை. பட்டறை வேலை முடிந்ததும் முறை வைத்துப் போகிறாள். புதிதாகத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் அவளிடம் யோசனை கேட்கிறார்கள். உப்பிலிருந்து கரண்ட் பில்வரை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போதே பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். மீதிப் பேருக்கு அவளே கூடப்போய், கடைக்காரரிடம் நின்று விலை பேசி வாங்கிக் கொடுக்கிறாள். அவளைக் கண்டாலே அவர் முகம் சுருங்குகிறது.

போன வாரம் மகள் கேட்டாள்: "நமக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணலையாம்மா? ஆச விட்டுப்போச்சா?"

"எங்க விடுது?" என்றாள் பல்லக்கா, பையில் கையுறையைத் தேடியபடி. "தோணுது. தினமும் தோணுது. சோத்தப் போட்டுச் சாப்பிடு, நான் வர லேட்டாகும்."