எல்லாம் தெரிந்த பிள்ளையின் அம்மா

சூட்டிகையான பிள்ளையைப் பெற்றவளுக்கு ஓர் உத்தியோகம் தானாகவே வந்து சேரும்: பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, பிள்ளைக்குப் படிப்பு வருகிறதே என்று மன்னிப்புக் கேட்பது. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் நான் பார்த்த உத்தியோகம் அது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் தாய்மார்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில.

கையும் காதும்

என் மகள் கோமதி எழுத்துக்கூட்டாமல் பேப்பர் வாசிப்பாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் அவளை ஓர் எழுத்துகூட வாசிக்கச் சொல்லவில்லை. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயதாகிவிட்டது என்று அர்த்தமாம். விரல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. கோமதி தலையில் கையை வைத்தபடியே, மேசையில் தலைகீழாகக் கிடந்த அவருடைய பேப்பரைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். அவர் அதை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டார்.

"வாசிக்கது கெடக்கட்டும்மா. காது எட்டலையே! அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க."

முடித்தவளுக்குத் தண்டனை

அடுத்த வருடம் கை எட்டியது. டீச்சர் சிலேட்டில் 'அ' எழுதச் சொன்னால் இவள் ஒரு கதையே எழுதிவிடுவாள். அதன்பிறகு மற்ற பிள்ளைகள் முடிக்கும்வரை வாயில் விரலை வைத்து உட்கார வேண்டும். பக்கத்துத் தெருத் தறிச் சத்தத்தில் தூங்கிப்போவாள். தூங்கினால் முட்டி போட வைப்பார். வேறு புத்தகம் ஏதாவது கொடுங்களேன் என்று கேட்கப் போனேன். டீச்சருக்கு வந்ததே கோபம்!

"எல்லாத்தையும் வீட்டுலயே சொல்லிக் குடுத்து அனுப்புதிய. பெறகு நான் இங்கன எதுக்கு இருக்கேன்? முதல்ல அதை நிப்பாட்டுங்கக்கா."

பெஞ்சு உயரம்

நான் நிப்பாட்டவில்லை. ஒன்றிலிருந்து நேரே மூன்றாம் வகுப்பில் போடுங்கள் என்று மறுபடி தலைமையாசிரியரிடம் போனேன். மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கோமதி கடகடவென்று வாசித்துக் காட்டினாள். மனுஷன் கேட்டால்தானே? ஒன்றும் இரண்டும் தரையில் உட்காரும் வகுப்புகள், மூன்றிலிருந்து பெஞ்சு. ஒரு பெஞ்சைக் கொண்டுவரச் சொல்லி, அவளை உட்காரவைத்துக் குனிந்து பார்த்தார். இவர் தையல்கடை வைத்திருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார்.

"பாத்தியளா? கால் தொங்குது. தரையைத் தொடட்டும், பெறகு பாப்போம்."

நல்ல பிள்ளை

இரண்டாம் வகுப்பிலும் அதே டீச்சர்தான். பாதி வருடம் போனதும் கூப்பிட்டனுப்பினார். வாயெல்லாம் சிரிப்பு. கோமதி இப்போது தூங்குவதில்லையாம். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பதில் சொல்வதில்லையாம். மற்ற பிள்ளைகளைப் போல ஒழுங்காகத் தப்புக் கணக்குப் போடுகிறாளாம். இப்போதுதான் நல்ல பிள்ளை ஆகியிருக்கிறாள் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்ட கணக்குக்கெல்லாம் பட்பட்டென்று சரியாகவே பதில் சொன்னாள். பிறகு ஏண்டி அங்கே தப்பாகப் போடுகிறாய் என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டேன்.

"சரியாப் போட்டா 'வாயைப் பொத்திட்டு உக்காரு'ங்காங்கம்மா. தப்பாப் போட்டாத்தான் டீச்சர் பக்கத்துல உக்காந்து சொல்லித் தாராங்க."

கையை அளந்து, காலை அளந்து, வந்த பிள்ளையை மட்டியாக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு நம்மிடம் நன்றியும் எதிர்பார்க்கிற இடத்துக்குத்தான், தாய்மார்களே, நாம் தினமும் தலைசீவிப் பொட்டு வைத்துப் பிள்ளையை அனுப்பிவைக்கிறோம்.